பின்பாரம், முட்டுக்கட்டை, அப்பா: காஞ்சிபுரத்துல இருந்து சூரத்துக்கு ஒரு ட்ரெய்லர் பயணம்

போன எபிசோட்ல கேம்பர் ட்ரெய்லர் பத்தி ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த வாய்ஸ் நோட் எல்லாத்துலயும் ஒரே கேள்விதான்: "ப்ரோ, உங்க கார் அதை இழுக்குதா?"

இழுக்குது. ஓரளவு சக்தி இருக்கிற எந்த டீசல் எஸ்யூவியும் 800 கிலோவை இழுத்துட்டுப் போயிடும். முதல் நாள் காலையில எனக்கும் அந்தப் பெருமை இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள போயிடுச்சு. கேட்க வேண்டிய கேள்வி வேற. "உங்க பின்னாடி வர்றது உங்களைத் தள்ளினா என்ன பண்ணுவீங்க? எப்படி நிறுத்துவீங்க?" இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன்.

முதல்ல, ட்ரெய்லர் எதுக்கு? அப்பாவுக்காக.

எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. அப்பா பட்டு நெசவாளி. குழித்தறியில 45 வருஷம் உட்கார்ந்தவர். சின்ன வயசுல கோர்வைச் சேலைக்கு அவர் பக்கத்துல உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளினவன் நான். அப்புறம் படிச்சு, சென்னையில ஐடி வேலை. அப்பாவுக்கு இப்போ 68 வயசு. முழங்கால் ரெண்டும் மடங்காது. ப்ராஸ்டேட் தொந்தரவு வேற, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தாங்காது. அதனால பஸ், ரயில், கல்யாண வீடு எதுவுமே வேண்டாம்னு வீட்டோட இருந்துட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஊரைப் பார்க்கணும்னு ஆசை. காசியோ ராமேஸ்வரமோ இல்ல, சூரத். காஞ்சிபுரம் தறிக்கு வர்ற ஜரிகையில பெரும்பகுதி காலங்காலமா சூரத்துல இருந்துதான் வருது. "மார்க்" கணக்குல வாங்குவாங்க, ஒரு மார்க் சுமார் 240 கிராம். 45 வருஷம் அந்த ஊர் பேரைச் சொல்லிச் சொல்லியே ஜரிகை வாங்கினவர், அந்த ஊரைப் பார்த்ததில்ல.

ஒருநாள் மேப்பைப் பார்க்கும்போதுதான் கவனிச்சேன். நம்ம வெள்ளைகேட் வழியா போற என்.எச். 48 இருக்கே, சென்னையில இருந்து பெங்களூருக்குப் போற அதே ரோடு, அதுதான் ஹூப்ளி, கோலாப்பூர், புனே, மும்பை, சூரத்னு டெல்லி வரைக்கும் போகுது. வீட்டுல இருந்து 1,500 கிலோமீட்டர் சொச்சம். பெரிய திருப்பம்கூட இல்லாத ஒரே ரோடு. பிரச்சினை பாத்ரூமும் படுக்கையும்தான். அதைப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போனா என்ன?

செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன ட்ரெய்லர் கிடைச்சுது. ஒரே ஆக்ஸில். உள்ளே ரெண்டு படுக்கை, ஒரு அடுப்பு, உட்கார்ற மாதிரி ஒரு சின்ன டாய்லெட். சட்டப்படி அது தனி வாகனம். அதுக்குன்னு தனிப் பதிவு உண்டு, தனி இன்சூரன்ஸ் பார்க்கணும். பதிவில்லாத ட்ரெய்லரை யாராவது சல்லிசா விலை சொன்னா வாங்காதீங்க.

பிள்ளையார்பாளையம் தெரு எவ்வளவு அகலம்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். காலையில தெருவுல பாவு விரிச்சிருந்தா சைக்கிள்கூட போக முடியாது. அந்தத் தெருவுல ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கிட்டேன். ரிவர்ஸ்ல ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினா ட்ரெய்லர் இடது பக்கம் போகும். மூளை ஒத்துக்காது. ஒரு சின்ன தந்திரம் இருக்கு. ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்துல கையை வெச்சுக்கோங்க. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்க. அவ்வளவுதான். நான் ரெண்டு திண்ணையை உரசி, ஒரு முருங்கை மரத்தை மோதி, தெருவே கூடி நின்னு வழி சொன்ன பிறகுதான் இது பிடிபட்டுச்சு.

அப்பா திண்ணையில உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டு, "எதுக்குடா இந்த வம்பு? நான் வரல"ன்னாரு. ஒரு வாரம் அதையே சொன்னாரு. எனக்குக் கோபம். "எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதீங்கப்பா"ன்னு கத்திட்டேன். இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2024 டிசம்பர் கடைசி. மார்கழி. எனக்கு லீவு 15 நாள். என் பிளான்: ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர், மூணு நாள்ல சூரத்.

காலை 5 மணிக்குக் கிளம்பினோம். வெள்ளைகேட் தாண்டி காவேரிப்பாக்கம் ஏரி பக்கம் வந்ததும் முன்னாடி இருக்கிற லாரியே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். மார்கழியில ஏரி ஓரத்து ரோடெல்லாம் இப்படித்தான். ஒரு பெட்ரோல் பங்க்குல ஒதுங்கி 8 மணி வரைக்கும் காத்திருந்தோம். பெங்களூர் டிராஃபிக் நாலு மணி நேரத்தை முழுங்கிடுச்சு. சாயங்காலம் தும்கூர், சிரா எல்லாம் தாண்டி ரோடு அகலமா, காலியா விரிஞ்சதும், விட்ட நேரத்தைப் பிடிக்கணும்னு 90-ஐத் தொட்டேன்.

ஒரு கன்டெய்னர் லாரி எங்களை ஓவர்டேக் பண்ணுச்சு. பெரிய வண்டி பக்கத்துல வரும்போது முதல்ல காத்து நம்மளை வெளியே தள்ளும், கடந்து போகும்போது உள்ளே இழுக்கும். கார் லேசா ஆடுச்சு. பின்னாடி ட்ரெய்லர் அதை விடப் பெருசா ஆடுச்சு. அடுத்த ஆட்டம் இன்னும் பெருசு. நாய் வாலை ஆட்டும்ல, அதுக்குப் பதிலா வால் நாயை ஆட்டினா எப்படி இருக்கும்? கண்ணாடியில ஒருதடவை ட்ரெய்லரோட இடது பக்கம் தெரியுது, அடுத்த நொடி வலது பக்கம். ஸ்டீயரிங் என் கையில இருந்துச்சு, ஆனா வண்டியை ஓட்டினது நான் இல்ல.

கால் தானா பிரேக்குக்குப் போச்சு. அது தப்பு. அப்போ காரோட பிரேக்கை அழுத்தினா கார் நிக்கப் பார்க்கும், ட்ரெய்லர் பின்னாடி இருந்து தள்ளி, மடக்கிப் போட்டுடும். ஆட்டத்துக்கு எதிரா ஸ்டீயரிங்கைத் திருப்பறதும் தப்பு, வேகத்தைக் கூட்டறதும் தப்பு. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, ஸ்டீயரிங்கை நேரா, உறுதியா பிடிச்சுக்கிட்டு, வேகம் தானா குறையற வரைக்கும் காத்திருக்கணும். எனக்கு இது யூடியூப்ல பார்த்துத் தெரியும். ஆனாலும் கால் பிரேக்கைத் தொட்டுடுச்சு. அப்பா, "விடுடா! காலை விடு!"ன்னு கத்தினாரு. விட்டேன். 60-க்கு வந்ததும் ஆட்டம் நின்னுச்சு. ஓரமா நிறுத்தி, ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல.

அப்புறம் அப்பா இறங்கி, நொண்டிக்கிட்டே ட்ரெய்லரைச் சுத்தி வந்தாரு. பின்கதவைத் திறந்து பார்த்தாரு. அவருக்காக நான் வாங்கி வெச்ச 20 லிட்டர் தண்ணி கேன் ரெண்டு, அரிசி, பாத்திரம், துணிமூட்டை எல்லாமே கடைசியில. "பின்பாரம்டா"ன்னாரு.

எங்க தாத்தாவுக்கு மாட்டு வண்டி இருந்துச்சு. மூட்டை ஏத்தும்போது முன்பாரம், பின்பாரம் பார்க்காம ஏத்த மாட்டாங்களாம். முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேலே தூக்கி, கயிறு மாட்டுக் கழுத்தை நெரிக்கும், வண்டி குடை சாயும். "கொஞ்சம் முன்பாரம் இருக்கணும். மாட்டுக்குப் பாரம் தெரியணும், ஆனா வலிக்கக் கூடாது"ன்னாரு.

ட்ரெய்லர் பத்தின எந்தக் கையேட்டைத் திறந்தாலும் இதேதான் இருக்கும், எண்ணோட இருக்கும். ட்ரெய்லரோட மொத்த எடையில ஏறக்குறைய 10 சதவீதம், காரோட கொக்கி மேல கீழ்நோக்கி அழுத்தணும். அதுவும் உங்க கார் கம்பெனி கொக்கிக்குச் சொல்லியிருக்கிற வரம்புக்குள்ள. சித்ரதுர்காவுல ஒரு தானிய மண்டியில கேட்டு, அங்க இருந்த தராசு மேல ட்ரெய்லரோட மூக்கை இறக்கிப் பார்த்தோம். 28 கிலோ! 780 கிலோ ட்ரெய்லருக்கு 75-க்குப் பக்கத்துல இருந்திருக்கணும். தண்ணியையும் அரிசியையும் முன்பெட்டிக்கு மாத்தினோம். 72 வந்துச்சு. வீட்டுல பாத்ரூம் தராசு இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி நீங்களே இதைச் செய்யலாம். நான் செய்யல.

அன்னைக்கு ராத்திரியில இருந்து 65-க்கு மேல போகல. ஜெர்மனியோட ஆட்டோபான்ல பல இடங்கள்ல காருக்கு வேக வரம்பே கிடையாது. ஆனா அங்கேயும் பின்னாடி கேரவன் மாட்டினா பொதுவா 80-தான். தனி அனுமதி வாங்கினா 100.

ரெண்டாவது நாள் ஹூப்ளியில நடந்தது எனக்கு இதை விடப் பெரிய அடி. மத்தியானம் அப்பாவுக்குத் தலை சுத்துச்சு. உதடு வறண்டு கிடக்கு. பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் முதல்ல கேட்டது, "தண்ணி குடிச்சாரா?" கார்ல அவர் சீட் பக்கத்துல இருந்த பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். காலையில நான் நிரப்பி வெச்ச மாதிரியே இருந்துச்சு. மூடியே திறக்கல.

குடிச்சா நிறுத்தச் சொல்லணும். நிறுத்தச் சொன்னா எனக்கு லேட் ஆகும். அதனால குடிக்கல. பாத்ரூமையே பின்னாடி கட்டி இழுத்துட்டு வந்திருக்கேன், ஆனா "நிறுத்துடா"ன்னு சொல்ற இடத்தை அவருக்குக் கொடுக்கல. காலையில இருந்து நான் பேசினதெல்லாம் இன்னும் எத்தனை கிலோமீட்டர், இன்னும் எத்தனை மணி நேரம், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் போன்ல அலாரம் வெச்சேன். 75 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அவர் கேட்டாலும் கேட்கலன்னாலும் வண்டி நிக்கும். நின்னா எனக்கும் வேலை இருக்கு. ட்ரெய்லர் சக்கரத்தோட நடுப்பகுதியைக் கிட்டப் போய் கையால உணரணும். லேசான சூடுன்னா சரி. ஒரு பக்கம் மட்டும் கொதிச்சா பேரிங்கோ பிரேக்கோ பிடிக்குதுன்னு அர்த்தம். டயர், கொக்கிப் பூட்டு, கீழே குறுக்கா போட்டிருக்கிற ரெண்டு பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு எல்லாத்தையும் பார்க்கணும். அதுக்குள்ள அப்பா உள்ளே போயிட்டு, பத்து நிமிஷம் காலை நீட்டிப் படுத்துட்டு வருவார். ஒரு தடவை, "இப்படியே படுத்துட்டு வரட்டுமா, நீ பாட்டுக்கு ஓட்டு"ன்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். ஓடற ட்ரெய்லருக்குள்ள ஆள் இருக்கவே கூடாது. அங்க சீட் பெல்ட் இல்ல, கவிழ்ந்தா காப்பாத்த எதுவும் இல்ல.

பெலகாவி தாண்டினதுல இருந்து கோலாப்பூர் வரைக்கும் ரோடு முழுக்கக் கரும்பு. குளிர்காலம்தான் அங்க சர்க்கரை ஆலைகளோட அரவை சீசன். ஒரு டிராக்டர் பின்னாடி ரெண்டு ட்ரெய்லர், மலை மாதிரி கரும்பு. இருட்டினா நிறைய வண்டியில பின்விளக்கு இருக்காது. ரிஃப்ளெக்டரைக் கரும்பு மறைச்சிருக்கும். அந்தச் சீசன்ல அந்தப் பக்கம் ராத்திரி ஓட்டாதீங்க. நாங்க 5 மணிக்கே நிப்பாணி பக்கம் ஒரு பங்க்குல அனுமதி கேட்டு நிறுத்திட்டோம்.

அங்க ஒரு டிராக்டரும் நின்னுச்சு. ட்ரெய்லர்ல கரும்பு இல்ல, குடும்பங்கள். பாத்திரம், பாய், கூரைக்கு மூங்கில், கோழி, கைக்குழந்தை. பீட் மாவட்டத்துல இருந்து கரும்பு வெட்ட வர்றவங்க. மழைக்காலம் முடிஞ்சதும் வருஷாவருஷம் லட்சக்கணக்கான பேர் இப்படி வீட்டையே ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டு மேற்கு மகாராஷ்டிராவுக்கும் கர்நாடகாவுக்கும் வர்றாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு "கோய்த்தா"ன்னு கணக்கு. கோய்த்தான்னா அரிவாள். முன்பணம் வாங்கியிருப்பாங்க, அது கழியற வரைக்கும் வெட்டணும். அப்பாவுக்கு மராத்தி தெரியாது. நான் அரைகுறை ஹிந்தியில கேட்டுச் சொன்னேன். முன்பணம்னதும், "நம்ம ஊர்ல தறி முதலாளிகிட்ட வாங்கற மாதிரியா?"ன்னு கேட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு எங்க டாய்லெட்டை அந்தப் பொம்பளைங்க பயன்படுத்திக்கட்டும்னாரு. ராத்திரி வரைக்கும் ஒவ்வொருத்தரா வந்தாங்க. குளிர்கால ட்ரெய்லர் பயணம்னு நான் இன்ஸ்டாவுல போட்ட ஃபோட்டோவை அன்னைக்கு எடுத்துட்டேன்.

குளிரைப் பத்தி ஒரு முக்கியமான விஷயம். அந்தப் பக்கம் ராத்திரி நல்லாவே குளிரும். எல்லாத்தையும் இறுக்கி மூடிட்டு அடுப்பைக் குளிர்காயறதுக்கு எரிய விடாதீங்க. கரி அடுப்பை உள்ளே கொண்டு வரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூக்கத்துலயே ஆளை முடிச்சுடும். சமையல் வெளியில, போர்வை உள்ளே, மேல் ஜன்னல் எப்பவும் ரெண்டு விரல் திறந்து. அப்பதான் மூச்சுக்காத்து வேர்த்துக் கண்ணாடியில வழியறதும் குறையும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்கணும். டிடெக்டர் ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க.

நாலாவது நாள் புனே. சதாரா பக்கத்துல இருந்து வந்தா, புதிய கட்ராஜ் சுரங்கம் தாண்டினதும் நவலே பாலம் வரைக்கும் நீளமான இறக்கம். அந்த இடத்தோட பேரைச் செய்தியில அடிக்கடி கேட்டிருப்பீங்க. 2022 நவம்பர்ல ஒரு லாரி அந்த இறக்கத்துல வந்து வரிசையா ஏகப்பட்ட வண்டிகளை மோதுச்சு. டீசல் மிச்சம் பிடிக்கறதுக்காக நியூட்ரல்ல உருட்டறது, பிரேக் சூடாகிப் பிடிக்காம போறது, இதுதான் அங்க திரும்பத் திரும்பச் சொல்லப்படற காரணம்.

முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அப்பா கேட்டாரு, "இதுல பிரேக் எங்கடா இருக்கு?" காட்டினேன். எங்க ட்ரெய்லர்ல இருக்கிறது தள்ளு பிரேக். கார் வேகத்தைக் குறைச்சா ட்ரெய்லர் முன்னாடி தள்ளும்ல, அந்தத் தள்ளல்லயே கொக்கித் தண்டு உள்ளே போய், கேபிளை இழுத்து, ட்ரெய்லர் சக்கரத்துலயே பிரேக் பிடிக்கும். அப்பா சிரிச்சாரு. "முட்டுக்கட்டை"ன்னாரு.

வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசித் தேர் காந்தி ரோட்டுல வர்றதைப் பார்த்திருக்கீங்களா? ஆயிரம் பேர் வடம் பிடிப்பாங்க. பார்க்கிறவங்க கண்ணெல்லாம் வடத்து மேலதான். ஆனா தேரைத் திருப்பறதும் நிறுத்தறதும் வடம் இல்ல. சக்கரத்துக்குக் கிட்டயே நடந்து வர்ற ஒருசில பேர், கையில முட்டுக்கட்டை வெச்சிருப்பாங்க. ஓடற சக்கரத்துக்கு அடியில சரியான நொடியில, சரியான பக்கம் கட்டையைக் கொடுப்பாங்க. சித்தப்பா அந்த வேலை செஞ்சவர். "இழுக்கிறவன் முன்னாடி இருக்கான், அவனால நிறுத்த முடியாது. தேருக்குன்னு தனியா ஒருத்தன் கட்டை போடணும். அதுவும் தேர் ஓட ஆரம்பிச்ச பிறகு இல்ல, அதுக்கு முன்னாடி"ன்னு அப்பா சொன்னாரு. நாம வசவா பயன்படுத்தற வார்த்தை. அந்தக் கட்டை இல்லாத தேர் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சுடும்.

சுரங்கத்துக்குள்ளயே வேகத்தைக் குறைச்சேன். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மூணாவது கியர், அப்புறம் ரெண்டாவது. இன்ஜினே பிடிச்சுக்கிட்டு இறங்குச்சு. இடது ஓரம், 40-க்குக் கீழ, அவசர விளக்கு. பின்னாடி ஹாரன் அடிச்சவங்க எல்லாரும் கடந்து போனாங்க. அப்பா கண்ணாடியைப் பார்த்து, "லாரி வருது, விடு... போயிடுச்சு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. கீழே வந்து நிறுத்தி சக்கரத்தைப் பார்த்தோம். சூடுதான், ஆனா தீயற வாசனை இல்ல. அப்பா பாட்டிலைத் திறந்து மடமடன்னு அரை லிட்டர் குடிச்சாரு.

மூணு நாள் பிளான் ஆறு நாள் ஆச்சு. சூரத்துல ஒரு சின்னப் பட்டறை. வெள்ளிக் கம்பியை முடி மாதிரி இழுத்து, தட்டையாக்கி, சிவப்புப் பட்டு நூல் மேல சுத்தறாங்க. அதுக்கப்புறம் தங்க முலாம். அங்க வேலை செய்யற பெரியவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. அவர் ஒரு இழையை எடுத்துக் கொடுத்தாரு. அப்பா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு உருட்டிப் பார்த்தாரு, நகத்தால சுரண்டிப் பார்த்தாரு. உள்ளே சிவப்பு தெரிஞ்சுது. தலையை ஆட்டினாரு. அந்தப் பெரியவரும் தலையை ஆட்டினாரு. ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்துக்கு நடுவுல உட்கார்ந்திருந்தாரு. வெளியே வந்ததும், "அவருக்கும் முழங்கால் போயிருக்குடா"ன்னாரு.

திரும்பி வர எட்டு நாள். லீவு ரெண்டு நாள் அதிகமாச்சு, மேனேஜர்கிட்ட திட்டு வாங்கினேன்.

இதைக் கேட்டுட்டு நீங்க ட்ரெய்லர் வாங்கப் போறீங்கன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி மூக்கு எடையைப் பாருங்க. ஒரு காலி மைதானத்துல ரெண்டு நாள் ரிவர்ஸ் எடுங்க. முன்னாடி போற வண்டிக்கு வழக்கத்தை விட ரெண்டு மடங்கு இடைவெளி விடுங்க. இறக்கத்துக்கு முன்னாடியே கியரை இறக்குங்க. வயசானவங்க கூட வந்தா, அவங்க தண்ணி பாட்டில் எவ்வளவு காலியாகுதுன்னு பாருங்க.

ட்ரெய்லர் இப்போ பிள்ளையார்பாளையத்துல எங்க வாசல்ல நிக்குது. பாவு விரிக்கிற அன்னைக்கு மட்டும் பக்கத்துத் தெருவுக்கு நகர்த்தணும். அப்பா மத்தியானம் அதுலதான் தூங்கறாரு. போன வாரம், "ஹம்பி எவ்வளவு தூரம்டா?"ன்னு கேட்டாரு. தூரத்தை நான் சொல்லல. எத்தனை நாள் ஆகும்னு மட்டும் சொன்னேன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.